குமாஸ்தா ஏன் சில்லென்று இருந்தார்?

குமாஸ்தா செத்து ஒரு வாரம் ஆகிறது. இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுத்தவர்கள் பதற வேண்டாம், குமாஸ்தா ஒரு மீன். கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் இருந்த இரண்டு தங்கமீன்களில் ஒல்லியானவர். இன்னொருவர் மேனேஜர். தலையில் சிவப்பாக ஒரு புடைப்பு, முன்தள்ளிய வயிறு, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மேற்பார்வை பார்த்துக்கொண்டே இருக்கிற சுபாவம். இரண்டு பேருக்கும் பெயர் வைத்தவன் இந்த வீட்டின் சின்னவன். அவன்தான் இப்போது வீட்டில் இல்லை.

அவன் போன கதை பழைய வாசகர்களுக்கு மனப்பாடம். அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊர் முழுக்க அவருக்கு வாத்தியார் என்றுதான் பெயர். அவருடைய பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்த வாத்தியார் காலடியில் இன்னொரு பிரேக். "என் வாழ்க்கையை நான் ஓட்டும்போதும் உங்க கால் அந்த பிரேக்கை விட்டு நகர மாட்டேங்குதுப்பா" என்று சின்னவன் ஒருநாள் சொல்லிவிட்டான். ஓட்டப் பழக வந்தவர்கள் முன்னால் வேறு சொல்லிவிட்டான். அன்று சாயங்காலமே, "வீட்டுச் சாவியை வச்சுட்டுப் போ" என்றார் அப்பா.

தொட்டிக்குப் பக்கத்து ஆணியில் சாவியை மாட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டான். வாசலில் அண்ணியிடம் மட்டும், "என் ஆபீஸ் ஆளுங்க ரெண்டு பேரையும் பாத்துக்குங்க அண்ணி. நல்ல எடமா கிடைச்சதும் வந்து எடுத்துட்டுப் போறேன்" என்றான்.

அண்ணி அந்தச் சொல்லைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மீனை எடுக்கவாவது அவன் ஒருதரம் படியேறி வந்தாக வேண்டும். வந்தால் அப்பாவையும் பிள்ளையையும் ஒரே அறையில் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவதாகத் திட்டம். மீன் போய்விட்டால் திட்டமும் போச்சு, அவன் இந்தத் தெருப்பக்கம் திரும்புவதற்கு இருந்த ஒரே சாக்கும் போச்சு.

அதனால்தான் குமாஸ்தா மிதந்த அன்று அவள் ஓடிப்போய் அவரைக் கையில் அள்ளினாள்.

"வெயில் தாங்கலை, பாவம்" என்றான் அவள் புருஷன்.

"வெயில்தான்" என்றார் மாமனார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் அதை நம்பவில்லை. ஏனென்றால் அவள் உள்ளங்கையில் கிடந்த குமாஸ்தா சில்லென்று இருந்தார். தொட்டித் தண்ணீரும் சில்லென்று இருந்தது. வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருந்த நாளில், வெயிலில் செத்த மீன் எப்படிச் சில்லென்று இருக்கும்?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் அவள். எந்தக் குழாய் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்று நாள் முழுக்கக் காவல் காப்பதுதான் பிழைப்பு. அவள் காதில் போய்ப் பூச்சுற்றப் பார்த்தால் நடக்குமா?

இன்று காலை அவள் வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் கூடத்துக்கு வந்தாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், உள்ளே முழுக்கப் பாறையாக உறைந்த ஐஸ். தொட்டியின் தலையில் வடிகட்டிப் பெட்டி இருக்கிறது. அழுக்குத் தண்ணீர் அதில் ஏறி, பஞ்சு வழியாக இறங்கித் திரும்பத் தொட்டிக்குள் விழும். பெட்டி மூடியைத் திறந்து பாட்டிலை உள்ளே படுக்கவைத்து மூடினாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இது திருட்டு வேலைதான். "தீனி போடறதோட நிறுத்திக்குங்க. அவன் மீனுக்கு இந்த வீட்டுல உபசாரம் கிடையாது, அவன் பேச்சும் கிடையாது" என்று மாமனார் சட்டம் போட்டிருக்கிறார். சட்டத்துக்காகத் தங்கமீனைக் கொதிக்க விட முடியுமா? தண்ணீர் சூடேற ஏற அதில் இருக்கிற காற்று குறையும், மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஒரு பாட்டில் ஐஸுக்கு இந்தத் தொட்டி இரண்டு டிகிரி கூட இறங்காது. அதுவும் மெதுவாக இறங்கும். அவள் அளந்தே பார்த்திருக்கிறாள்.

அப்படியென்றால் குமாஸ்தாவைக் குளிரவைத்துக் கொன்றது வேறு யாரோ.

சந்தேகப்பட ஆரம்பித்த பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. தண்ணீர் நிற்கிற மட்டத்தில் கண்ணாடிமேல் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். வெயில் காலத்தில் தண்ணீர் வற்ற வேண்டும். இங்கே புள்ளிக்கு மேலே ஏறியிருந்தது. சாயங்காலம் முதலில் வீடு திரும்புகிறவள் அவள்தான், ஆனால் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற தொட்டி அதற்கு முன்பே ஈரமாக இருந்தது. எல்லாவற்றையும்விட, அவளுடைய பாட்டில். குமாஸ்தா போன மறுநாளிலிருந்து யாரோ அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, நாலாக மடித்த துணியின்மேல் நிறுத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள். உன் வேலை எனக்குத் தெரியும் என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி.

"என்ன பண்றே?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். பின்னால் புருஷன், பல் துலக்கும் பிரஷ்ஷோடு. லிஃப்ட் மெக்கானிக். வேலை நேரத்தில் இரும்புக்கயிறு முனகினாலே கேட்கிற காது. வீட்டில் கூப்பிட்டால் மட்டும் கேட்காது.

"தீனி போடறேன்."

"தீனி டப்பா சமையலறையில இருக்கு."

"எடுக்கத்தான் போறேன். நீங்க எதுக்குத் தொட்டிக்குப் பின்னாடி எட்டிப் பாக்கறீங்க?"

"நானா? சுவத்துல பல்லி."

"எங்க?"

"போயிடுச்சு."

பல்லி போயிருக்கலாம். அவன் முகத்தில் இருந்த திருட்டு முழி போகவில்லை.

"காலங்காத்தால அங்க என்ன மாநாடு?" மாமனார் டீ டம்ளரோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தொட்டியைப் பார்க்கவில்லை. அவர் எப்போதும் பார்ப்பது தொட்டிக்குப் பக்கத்து ஆணியை. அதையும் பார்க்காத மாதிரிதான் பார்ப்பார். "நீ இன்னிக்கு எத்தனை மணிக்கு வருவே?"

மருமகள் என்று இந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து அவர் கேட்டிராத கேள்வி இது.

"எப்பவும் போலத்தான் மாமா. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சும்மாவாம். போன சனிக்கிழமை காய்கறிப் பையை அவர் கார் டிக்கியில் வைக்கப் போனாள். உள்ளே விரித்திருந்த பாய் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. என்ன மாமா இது என்றதற்கு, "ரேடியேட்டர் ஒழுகுது" என்றார். ரேடியேட்டர் வண்டிக்கு முன்னால் இருக்கும் என்பது கார் ஓட்டத் தெரியாத அவளுக்கே தெரியும். தலைமுடி நரைக்கிற வரைக்கும் ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அதை டிக்கிக்கு மாற்றிவிட்டார்.

பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது அவளுக்கு ஒன்று நிச்சயமானது. மகன்மேல் இருக்கிற கோபத்தை மனுஷர் மீன்மேல் காட்டுகிறார். ஒன்றை முடித்தாயிற்று, மிச்சம் மேனேஜர்தான். மீனும் இல்லை, தொட்டியும் இல்லை, தொல்லை விட்டது. பிறகு அவன் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

எந்தக் கையால் இவருக்கு நாளைக்கும் சோறு பரிமாறப் போகிறேன் என்று நினைத்தாள்.

பரிசோதனைக் கூடத்தில் அன்று மத்தியானத்துக்கு முன்பே ஏசி படுத்துவிட்டது. ரத்தக் குழாய்களையெல்லாம் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி வேறு கூடத்துக்கு அனுப்பினார்கள். பாதிப் பேரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மற்றவர்கள் கூட்டமாக ஜூஸ் கடைக்குக் கிளம்பினார்கள். ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க அவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள்.

வீட்டுக்கு முன்னால் கார் இல்லை. சின்ன ஏமாற்றம். தற்செயலாகத் தெருவின் கடைசியைப் பார்த்தாள். மூன்று கட்டடம் தள்ளி, ஒரு லாரி நிழலில், தலையில் டிரைவிங் ஸ்கூல் பலகையோடு அந்தக் கார் பதுங்கி நின்றது. சொந்த வீட்டுக்கு வருகிறவர் எதற்கு மூன்று கட்டடம் தள்ளி நிறுத்த வேண்டும்?

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் ஏன் இப்படி என்று கேட்காதீர்கள். அவனிடம் கேட்டுக் கேட்டு எல்லோரும் ஓய்ந்துவிட்டார்கள். படியேறினாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே நுழைந்தாள்.

வாத்தியார் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, தொட்டி முன்னால் நின்றிருந்தார். கையில் பெரிய பிளாஸ்டிக் பை. அதிலிருந்து கல்லு கல்லாக ஐஸ் கட்டி தண்ணீருக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"மாமா!"

பை கையிலிருந்து நழுவியது. மிச்ச ஐஸ் தரையெல்லாம் சிதறியது.

"நீ... நீ சாயங்காலம்தானே வருவேன்னே?"

"அதுக்குத்தான் கேட்டீங்களா? அதுக்குத்தானா மாமா?" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "குமாஸ்தாவைக் கொன்னது பத்தலையா? உங்க சண்டை அவனோட. இந்த வாயில்லாத ஜீவன் உங்களை என்ன சொல்லிச்சு?"

"கொன்னேனா?"

"பின்னே? கொதிக்கிற தண்ணில இருக்கிற மீனை ஒரேயடியா ஐஸ்ல முக்கினா அது தாங்குமா?"

சாலையில் எவன் குறுக்கே வந்தாலும் அசராத மனுஷர், சொட்டுகிற கையைத் துடைக்கக்கூடத் தெரியாமல் நின்றார்.

"வெயில்ல செத்துடும்னுதாம்மா..." தரையில் சிதறிய ஐஸைப் பார்த்தார். "பேப்பர்ல போட்டிருந்தான், இந்த வருஷம் வெயில்ல தொட்டி மீனெல்லாம் சாகுதுன்னு. ஐஸ் கடையில பை வாங்கி, வகுப்புக்கு நடுவுல ஓடி வந்து போட்டுட்டு ஓடுவேன். குமாஸ்தா போனப்புறம் நான் போட்டது பத்தலைன்னு நெனச்சேன். அதான் பெரிய பையா..."

கையில் பிடித்திருந்த செருப்பை அவள் அப்போதுதான் கீழே போட்டாள்.

"நீங்கதானே உபசாரம் கூடாதுன்னீங்க?"

"சொன்னேன். சொல்லிட்டேனே, அப்புறம் எப்படி நானே எல்லார் முன்னாடியும் செய்யறது?" அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இந்த மீனும் போயிட்டா அவன் எதுக்கும்மா இங்க வரப்போறான்?"

அவள் காலையிலிருந்து சுமந்த சந்தேகம் அந்தக் கேள்வியில் கரைந்துபோனது. தான் மனதுக்குள் பொத்தி வைத்திருந்ததை இன்னொருவர் வாயால் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை. அந்த நேரம் பார்த்துத் தொட்டிக்குப் பின்னாலிருந்து 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் கிளம்பியது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது நீங்களா மாமா?"

"நான் ஐஸ் மட்டுந்தாம்மா!"

எட்டிப் பார்த்தாள். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே சின்னதாக ஒரு மின்விசிறி, தண்ணீர் மேல் காற்று படுகிற மாதிரி கம்பி போட்டுக் கட்டியிருந்தது. லிஃப்டுக்குள் கூரையில் சுற்றுமே, அந்த விசிறி. நேரம் வைத்தால் தானாக ஓடுகிற சுவிட்சில் செருகியிருந்தது. காலையில் பார்த்த பல்லி இதுதான்.

போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டு, மாமனாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தாள்.

"ஏங்க, தொட்டிக்குப் பின்னாடி என்ன வச்சிருக்கீங்க?"

"நான் ஏழாவது மாடியில தொங்கிக்கிட்டிருக்கேன். அப்புறம் பேசலாமா?"

"தொங்கிக்கிட்டே சொல்லுங்க."

கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். "அப்பாகிட்ட சொல்லிடாதே. பழைய விசிறி ஒண்ணு கிடைச்சுது. தண்ணி மேல காத்து அடிச்சா மூணு டிகிரி குறையும். தம்பி மீன், செத்துட்டா..."

"நான் இங்கதாண்டா இருக்கேன்" என்றார் அப்பா.

அந்தப் பக்கம் ஏதோ ஸ்பானர் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

அவள் வடிகட்டிப் பெட்டியைத் திறந்து தன் பாட்டிலை வெளியே எடுத்தாள். மாமனார் அதைப் பார்த்தார். பாட்டில், விசிறி, ஐஸ். மூன்று பேரும் சேர்ந்து, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், பாசத்தாலேயே குமாஸ்தாவைக் கொன்றிருந்தார்கள். ஒரு வார்த்தை பேசியிருந்தால் பிழைத்திருப்பார்.

"மாமா, மேனேஜர்!"

மேனேஜர் அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். செவுள் அசைவதே தெரியவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த சூடுகாட்டி சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அவள் விசிறியைப் பிடுங்கினாள். கரண்டியால் ஐஸை அள்ளி அள்ளிப் பக்கெட்டில் போட்டாள். மாமனார் வெந்நீர் போட ஓடினார்.

"வேண்டாம் மாமா! இப்ப சூடாக்கினா அதுவும் அதிர்ச்சிதான். தானா ஏறட்டும். ஒரேயடியா ஏத்தக் கூடாது, ஒரேயடியா எறக்கக் கூடாது. ஜன்னல் திரையை இழுத்து விடுங்க, தொட்டி விளக்கை அணைங்க, மூடியைத் திறந்து வைங்க. அது போதும்."

முப்பது பேருக்கு ஒரே நாளில் உத்தரவு போடுகிற வாத்தியார் சொன்னதையெல்லாம் மறுபேச்சில்லாமல் செய்தார். பிறகு இரண்டு பேரும் தொட்டி முன்னால் தரையிலேயே உட்கார்ந்தார்கள். போனில் லைன் இன்னும் இருந்தது. "என்னாச்சு? எழுந்துட்டாரா?" என்று ஏழாவது மாடி கேட்டுக்கொண்டே இருந்தது.

வெகுநேரம் கழித்து மேனேஜர் ஒரு துடுப்பை அசைத்தார். அப்புறம் இன்னொன்று. கடைசியில் போதையில் எழுகிறவர் மாதிரி ஆடி ஆடி நிமிர்ந்தார். மாமனார் மூக்கை உறிஞ்சினார். மருமகள் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

திரும்பிய இடத்தில் அவள் பாட்டில் நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய சந்தேகம் புது வேகத்தோடு வந்தது.

"மாமா, என் பாட்டிலை தினமும் வெளிய எடுத்து வைக்கறது நீங்கதானே?"

"அதுக்குள்ள பாட்டில் இருக்கிறதே இப்பத்தானேம்மா எனக்குத் தெரியும்?"

"ஏங்க, நீங்க?"

"நான் எதுக்கு எடுக்கறேன்?" என்றது போன். "அதை விடு, என் விசிறி சுவிட்சை தினமும் அணைச்சு வைக்கறது நீதானே?"

"விசிறி இருக்கிறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். குமாஸ்தாவைக் கொன்ற அதே மூன்றும் வாரம் முழுக்க நடந்திருக்கிறது. பெரிய பை ஐஸ் வேறு. மேனேஜர் எப்போதோ மிதந்திருக்க வேண்டும். வாத்தியார் கார் போனபிறகு, அவள் வீடு வருவதற்குள், யாரோ வந்து விசிறியை அணைத்து, ஐஸை அள்ளிச் சமையலறைத் தொட்டியில் கொட்டி, பாட்டிலை எடுத்துத் துணிமேல் நிறுத்தியிருக்கிறார்கள். மீனைப் பற்றி நன்றாகத் தெரிந்த யாரோ. துணியை நாலாக மடிக்கிற பழக்கம் இந்த வீட்டில் ஒருவனுக்குத்தான் உண்டு என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

மாமனார் ஏற்கெனவே ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவி அங்கேதான் தொங்கியது.

"சாவி இருக்கேம்மா" என்றார் மெதுவாக. "அப்புறம் எப்படி?"

"அதைத் தொட்டுப் பாத்திருக்கீங்களா?"

"அவன் மாட்டினது. நான் ஏன் தொடறேன்?"

அவள் எழுந்துபோய்ச் சாவியை எடுத்தாள். வாசல் கதவைத் திறந்து பூட்டுத் துளையில் வைத்து அழுத்தினாள். திருப்பிப் பிடித்து அழுத்தினாள். பாதிகூட உள்ளே போகவில்லை. அது எந்த வீட்டுச் சாவியோ, எந்தப் பெட்டிச் சாவியோ, இந்த வீட்டுடையது இல்லை. போனவன் வீட்டுச் சாவியைத் தன்னோடுதான் எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

"இது நம்ம சாவி இல்லை மாமா."

வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் வந்தது சிரிப்பா அழுகையா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

போன் மட்டும் சத்தமில்லாமல் இருந்தது. எந்தச் சாவி, யார் சாவி, யாரைச் சொல்றே என்று ஏழாவது மாடி ஒன்றுகூடக் கேட்கவில்லை. குமாஸ்தா போன விஷயம் இந்த வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். சின்னவனிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. மாமனாருக்கு அவனோடு பேச்சே கிடையாது. பிறகு மறுநாளே அவன் எப்படி வந்து நின்றான்?

"ஏங்க..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள், "மேஸ்திரி கூப்பிடறாரு" என்று லைன் அறுந்தது.

அவள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கெட்டில் ஐஸ் இன்னும் பாதி கரையாமல் கிடந்தது. மாமனார் குனிந்து அதிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் விரலிடுக்கில் வழிய வழியப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா" என்றார், குழந்தை கேட்கிற மாதிரி. "நாளைக்கு நான் இதைப் போடலைன்னா, அவன் வரமாட்டான், இல்ல?"